ஆறு மணி நேரம்

டார் எஸ் சலாம் துறைமுகத்தில்
நாற்பத்தோராம் வரிசையில் நின்றது கிரவுன்.
முத்து வெள்ளை. அதன்மேல் ஒரு வாரத்து உப்புத் தூசி.
கண்ணாடிக்கு உட்புறம் ஏலத்தாள்:
கோட்டுப்படமாய் ஒரு கார், அதன் உடம்பெங்கும் எழுத்துகள்.
இடது கதவில் கீறல்,
பின் பம்பரில் அமுங்கல்,
கூரையில் ஒன்றுமில்லை.
என்னை இப்படி யாராவது வரைந்திருந்தால்
வலது முழங்காலுக்கு
எந்த எழுத்தைப் போட்டிருப்பார்கள்?

ஸ்டெப்னியைக் காணோம். ஜாக்கியைக் காணோம்.
கேட்டதும் காவலாளி வானத்தைப் பார்த்தான்.

வாங்கியவர் லுசாகாவில் இருக்கிறார்.
சூல்வே ஹமூங்கா. மக்காச்சோள மாவு மில் மூன்று.
தொட்டுப் பார்க்காத வண்டிக்கு
நகோயாவில் விலை கேட்டு, பணம் கட்டி,
நாற்பது நாள் கப்பலுக்குக் காத்திருந்தவர்.
அவர் கணக்குப் புத்தகத்தில் நான் ஒரு வரி:
ஓட்டுநர், ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்.
பெயர் கேட்டால் ரஷீதி ம்கும்போ.
யாரும் கேட்பதில்லை.

சாவியைத் திருகியதும் ஒரு பெண் பேசினாள்,
ஜப்பானிய மொழியில், அவ்வளவு பணிவாக.
எதையோ காணவில்லை என்று
வருத்தப்படுவதுபோல் இருந்தது.
‘ஸ்டெப்னிதான் அம்மா’ என்றேன்.
வழிகாட்டித் திரையில் அம்பு
கடலுக்குள் நின்றுகொண்டிருந்தது.

பிறகு அந்தக் கடிகாரம்.
ஏஜென்ட் ஆபீஸ் பையன் கெல்வின்
‘ஆறு மணி நேரம் முந்தி ஓடுது’ என்று பொத்தானைத் தேடினான்.
விடுடா என்றேன்.
காலை ஏழு. சூரியன் கிளம்பி ஒரு மணி நேரம்.
எங்கள் சுவாஹிலிக் கணக்கில் அது சா மோஜா,
ஒன்று.
கடிகாரமும் ஒன்று என்றது.
எங்கோ சாப்பிட்டுக் கை கழுவும் மதியம்
இங்கே என் விடியலோடு
நிமிஷம் பிசகாமல் பொருந்தி நின்றது.
இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வண்டி ஓட்டுகிறேன்.
பாதி வண்டிகளில் பேட்டரி செத்துப் பன்னிரண்டு சிமிட்டும்,
மீதியை யாராவது திருத்தியிருப்பார்கள்.
என் பாஷையில் மணி சொன்ன வண்டி இது ஒன்றுதான்.

சாலிஞ்சே. மொரொகோரோ.
ஏசி போட்டால் பெட்ரோல் என் செலவு.
இருக்கையின் பிளாஸ்டிக் உறையில்
முதுகு ஒட்டிப் பிரிந்தது, ஒட்டிப் பிரிந்தது.
மிகுமியில் யானைகளுக்கு வழிவிட்டு நின்றேன்.
கிடோங்கா ஏற்றத்தில் லாரிகள் மூச்சுக்குத் திணற
கிரவுன் தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை.
இரிங்காவில் ஒரு போலீஸ்காரர் சல்யூட் வைத்தார்.
எனக்கா வண்டிக்கா என்று விசாரிக்காமல்
நானும் பதிலுக்கு வைத்தேன்.

இருக்கை இடுக்கில் கைவிட்டதில்
நடுவில் ஓட்டை போட்ட ஒரு நாணயம்.
கூடவே நாய் மயிர், பொன்னிறச் சுருள்.
கடற்கரைக்குக் கூட்டிப்போனார்களோ, வைத்தியரிடமோ.
திரும்பி வரும்போது பின் இருக்கையில்
அது இருந்ததோ இல்லையோ.
நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டேன்.
மயிரை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

துண்டுமா எல்லையில் இரண்டு ராத்திரி.
முத்திரை, வரி, வரிக்கு ஒரு முத்திரை.
தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் போனதும்
நாடே ஒரு மணி நேரம் பின்வாங்கியது.
நாங்கள் இரண்டு பேர் மட்டும் அசையவில்லை.

லுசாகா. மில் வாசல்.
முழங்கை வரை மாவோடு வந்தார் ஹமூங்கா.
தாளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.
அமுங்கலில் கட்டைவிரலைப் பொருத்தி,
சொன்னபடி இருக்கிறது என்பதுபோல் தலையசைத்தார்.
ஸ்டெப்னி எங்கே என்றார்.
நான் வானத்தைப் பார்த்தேன்.

ஏறி உட்கார்ந்து பிளாஸ்டிக்கை
ஒரே இழுப்பில் கிழித்தார். அவருடையது, கிழிக்கலாம்.
‘மணி ஒன்பது. இது நாலு காட்டுதே.
கெட்டுப்போன கடிகாரத்தையா தலையில் கட்டினார்கள்?’

பேனா முனையால் நானேதான் அழுத்தினேன்.
ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.
ஒன்பதில் விரலை எடுத்தேன்.

கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு
பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.
வழியில் வேர்க்கடலை விற்கிற பையன் மணி கேட்டான்.
நாலேகால் என்றேன்.
சூரியனைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.